மூன்று லிட்டர் சாட்சி

காலை பத்து மணிக்குள் கொசுறு ஆறாவது முறையாகப் பாத்ரூமுக்குப் போய்விட்டு வந்தான். மேடம் எண்ணிக்கொண்டிருந்தார். எண்ணுவதைத் தவிர உருப்படியாகச் செய்ய அன்றைக்கு அவருக்கு எதுவும் மிச்சமில்லை.

“இன்னும் ஒரு கப் குடிச்சேன்னா என்னைப் பிழிஞ்சு கொடியிலதான் காயப் போடணும் மேடம்” என்றான் கொசுறு, ஈரக் கையைச் சட்டையில் துடைத்தபடி.

“குடி.”

“ஒரு மனுஷன்னு இரக்கம்...”

“மூணு லிட்டர்னு பேச்சு. நேத்து சாயங்காலத்துலேருந்து ரெண்டேகால்தான் உள்ள போயிருக்கு. குடி.”

மேடத்துக்கு ஐம்பத்திரண்டு வயது. இருபது வருடம் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் பொய் விபத்துகளைத் துருவித் துருவி அலுத்துப்போய், சொந்தமாகத் துப்பறிய வந்தவர். அந்தக் கட்டடத்து லிஃப்ட்காரர் முதல் கூடப்பிறந்த தங்கை வரை எல்லோருக்கும் அவர் மேடம்தான். கொசுறு என்பதும் காரணப் பெயர்தான். ஓய்வு பெற்ற பழைய முதலாளியிடமிருந்து இந்த அலுவலகத்தை மேடம் வாங்கியபோது, இரண்டு மேசை, ஒரு இரும்பு அலமாரி, சுற்றாத ஒரு மின்விசிறி ஆகியவற்றோடு சேர்த்து இவனையும் தள்ளிவிட்டுப் போனார்கள்.

கேஸ் என்று பார்த்தால் நாலு வரி. ஊருக்கு வெளியே இருக்கும் கன்டெய்னர் யார்டில் கிரேனுக்குக் கீழே நின்று கையசைத்து வழிகாட்டும் வேலை பார்க்கிறவர் ஒரு பெண். பதினாலு வருட அனுபவம். யார்டில் எல்லோரும் சிக்னல் அக்கா என்பார்கள். பன்னிரண்டு நாளைக்கு முன்பு அங்கே திடீரென்று பத்துப் பேரை அழைத்துப் போய்ச் சிறுநீர்ப் பரிசோதனை செய்தார்கள். அக்காவின் சாம்பிளில் தூக்கத்தை விரட்டும் போதை மாத்திரை இருக்கிறது என்று லேப் எழுதிவிட்டது. அக்காவோ தலைவலிக்குக்கூட மாத்திரை போடாதவர். கிட்னியில் கல் இருப்பதால் நிறையத் தண்ணீர் குடி என்று டாக்டர் சொன்னார். வெறும் தண்ணீர் தொண்டையில் இறங்கவில்லை. அதனால் நாளைக்கு மூன்று லிட்டர் மூலிகை டீ. அவர் வாயில் புதிதாகப் போனது அது ஒன்றுதான்.

இன்று மூன்று மணிக்கு விசாரணை. அதில் தோற்றால் வேலை போவதோடு சிக்னல் கொடுக்கும் லைசன்ஸும் போகும். அப்புறம் எந்த யார்டின் கேட்டும் அவருக்குத் திறக்காது. வேறு வேலையும் அவருக்குத் தெரியாது.

ஆகவே டீதான் குற்றவாளி என்று மேடம் இரண்டு நாளாக அதன் பின்னால் அலைகிறார். மேசை முழுக்க டீ பாக்கெட். பரிசோதனைக்கு ஆள் வேண்டுமே, அதற்குக் கொசுறு. மருந்துக் கடையில் வாங்கிய சோதனை அட்டையை அவன் இப்போது இரண்டு விரலால் பிடித்து நீட்டினான்.

“போதை எதுவும் இல்ல மேடம். நான் பத்தரை மாத்துத் தங்கம்னு அட்டையே சொல்லுது.”

“அந்தக் கடைசிக் கட்டம் ஏன் நிறம் மாறல?”

அவன் அட்டையோடு வந்த காகிதத்தைப் படித்தான். “சாம்பிள் ரொம்பத் தண்ணியா இருக்காம். நம்ப வேண்டாமாம்.”

“ஒரு வேலையாவது முழுசா பண்றியா நீ?”

“மூணு லிட்டர ஊத்திட்டு வேற எப்படி மேடம் வரும், பாயசமாவா?”

மேடம் அட்டையைக் குப்பைத் தொட்டியில் வீசினார். வீசிய பிறகும் கோபம் கைவிரலிலேயே இருந்தது. அதற்குள் தொலைபேசி அடித்தது. பழைய நிறுவனத்துக் காலத்திலிருந்து பழக்கமான வேதியியல்காரர். அவரிடம்தான் ஏழு பாக்கெட்டிலிருந்தும் டீத்தூளை எடுத்து மேடம் பரிசோதிக்கக் கொடுத்திருந்தார்.

“சோளக்கதிர் நார், சோம்பு, புதினா, எலுமிச்சைத் தோல்” என்றார் வேதியியல்காரர். “அவ்வளவுதான். கழுவித் தொடைச்ச மாதிரி சுத்தம்.”

“வேற ஏதாவது இலை கலந்திருக்குமா?”

“பரிசோதனையில மாட்டிவிடற இலை ஒண்ணு ரெண்டு உலகத்துல இருக்கு, இல்லேன்னு சொல்லல. அது எதுவும் இதுல இல்ல. இதைக் குடிச்சா ஒண்ணே ஒண்ணுதான் நடக்கும்.”

“என்ன?”

“அடிக்கடி எந்திரிச்சுப் போகணும்.”

“அதுக்கு எங்கிட்டயே ஆள் இருக்கான்” என்று மேடம் போனை வைத்தார்.

வைத்த கையோடு மறுபடியும் அடித்தது. சிக்னல் அக்காவின் கொழுந்தன். அதே யார்டில் கிரேன் ஓட்டுகிறவன். அண்ணன் கப்பல் வேலைக்குப் போய்விட, அண்ணியின் வீட்டிலேயே வளர்ந்து, அண்ணியின் சிபாரிசிலேயே வேலையிலும் சேர்ந்தவன். அண்ணியை இந்த அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்ததும், டீ பாக்கெட்டுகளைப் பையில் போட்டுக் கொண்டுவந்து மேசையில் கொட்டியதும் அவன்தான். இரண்டு நாளில் இது பதினோராவது போன்.

“டீயில ஏதாவது கிடைச்சுதா மேடம்?”

“இன்னும் இல்லப்பா.”

“நல்லா பாருங்க மேடம். டீதான். வேற எதுவா இருக்க முடியும்? அண்ணிக்கு வேற எந்தப் பழக்கமும் கிடையாது. பன்னிரண்டு மணிக்கு எனக்கு ஷிஃப்ட், மேல ஏறிட்டா போன் எடுக்க முடியாது. கிடைச்ச உடனே அண்ணிகிட்ட சொல்லிடுங்க.”

“டீ வாத்தியாரா?” என்றான் கொசுறு. “நம்மளவிட அவருக்குத்தான் மேடம் அக்கறை அதிகம்.”

“பாசம்டா. உனக்கு அதெல்லாம் புரியாது. வண்டிய எடு.”

டீக்கடை ஒரு சந்துக்குள் இருந்தது. கடை என்பதைவிட அது ஒரு நீள அறை. இரண்டு பக்கமும் தகர டப்பாக்கள், நடுவில் ஒரு தராசு, மூலையில் பாக்கெட்டுகளை ஒட்டும் சின்ன இயந்திரம். டீக்காரர் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு மேடம் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்ததும் பொறுமை போய்விட்டது.

“என் டப்பாவுல போதை மாத்திரையா? எந்த டப்பான்னு காட்டுங்க. எல்லாத்தையும் தெறந்து கொட்டிடறேன்.”

“யாராவது தெரியாம கலந்திருக்கலாம்னுதான் கேட்கறேன்.”

“கலக்கறது நான் ஒருத்தன்தான். அந்தம்மா வாங்கற அதே டப்பாவுலேருந்துதான் என் பொண்ணுக்கும் போடறேன். அந்த யார்டுலேருந்து இன்னும் எட்டுப் பேர் வாங்கறாங்க. அதுல ரெண்டு பேருக்கு அன்னிக்கே டெஸ்ட் நடந்திருக்கு. அவங்க போன வாரமும் வந்து வாங்கிட்டுப் போனாங்க. அவங்களுக்கு ஒண்ணும் ஆகலயே?”

மேடம் மனசுக்குள் கணக்குப் போட்டார். ஒரே டப்பா, ஒரே நாள், மூன்று பேர். அதில் ஒருவருக்கு மட்டும் போதை ஏறியது என்று விசாரணையில் போய்ச் சொன்னால், சிரிப்பை அடக்கிக்கொண்டு கதவைக் காட்டுவார்கள். இரண்டு நாள் அலைச்சல் தகர டப்பாவோடு மூடிக்கொண்டுவிட்டது.

“கோவிச்சுக்காதீங்க” என்று டீக்காரரே இறங்கி வந்து, கொசுறுவின் கையில் ஆவி பறக்கும் ஒரு கப்பைத் திணித்தார். கொசுறு மேடத்தைப் பார்த்த பார்வையில் கொலைக் குற்றச்சாட்டு இருந்தது.

சந்திலிருந்து வெளியே வந்ததும் மேடம் வண்டியின் கதவை ஓங்கிச் சாத்தினார். “இந்தக் கேஸ எடுத்திருக்கவே கூடாது. டீ டீன்னு ரெண்டு நாள் மாடு மாதிரி சுத்தியிருக்கேன். மணி என்ன?”

“ஒண்ணே கால். மேடம், வழியில எங்கயாவது...”

“கிளினிக் இருக்கு. சாம்பிள் எடுத்த இடம். அங்க போய்க்கோ. அந்த நர்ஸ ஒரு வார்த்தை கேட்டுட்டு, யார்டுக்குப் போய் மன்னிப்பு கேட்கறதுதான் பாக்கி.”

கிளினிக் ஒரு மருந்துக் கடையின் மாடியில் இருந்தது. கம்பெனிகளுக்காக சாம்பிள் எடுத்து லேபுக்கு அனுப்புவதுதான் அதன் வேலை. பாத்ரூம் கதவு திறந்திருந்தது. யாரும் சாம்பிளில் தண்ணீர் கலந்து ஏமாற்றக் கூடாதென்று உள்ளே குழாயின் கைப்பிடியைக் கழற்றியிருந்தார்கள், கக்கூஸ் தண்ணீரில் நீலச் சாயம் ஊற்றியிருந்தார்கள். அவ்வளவு முன்னெச்சரிக்கையையும் பார்த்து மேடத்துக்கு இருந்த கொஞ்சநஞ்ச நம்பிக்கையும் போயிற்று.

நர்ஸ் மதியச் சாப்பாட்டை அப்போதுதான் முடித்திருந்தார். “இடத்த பாருங்க, சுத்தமா இருக்கா? எங்க பக்கம் தப்பே நடக்காதுங்க. பன்னிரண்டு வருஷமா...”

“மேடம், இனிமே தாங்காது” என்று கொசுறு குறுக்கே புகுந்தான்.

“டெஸ்ட் கொடுக்காதவங்க இதை யூஸ் பண்ணக் கூடாது” என்றார் நர்ஸ்.

“அப்போ கொடுக்கறேன்” என்று கதவோரத் தட்டில் வரிசையாக அடுக்கியிருந்த பிளாஸ்டிக் கப்புகளில் முதலாவதை எடுத்துக்கொண்டு அவன் உள்ளே பாய்ந்தான்.

நர்ஸ் பதறி எழுந்தார். “ஐயோ, அதை எடுக்காதீங்க. அது ஒண்ணாம் நம்பர். ரெண்டு மணிக்கு பஸ் டிரைவருங்க வர்றாங்க, லேபிள் ஒட்டி வச்சிருக்கேன்.”

கதவு சாத்திக்கொண்டது. மேடம் தட்டைப் பார்த்தார். எட்டுக் கப். எட்டிலும் லேபிள். பெயர் இல்லை, எண் மட்டும். இரண்டு முதல் ஒன்பது வரை.

“ஆளுங்க வர்றதுக்கு முன்னாடியே ஒட்டிடுவீங்களா?” என்றார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

நர்ஸ் கொஞ்சம் யோசித்தார். “ஆள் முன்னாடிதான் ஒட்டணும். அதுதான் ரூல். ஆனா பத்துப் பேரை அரை மணி நேரத்துல முடிச்சு அனுப்புன்னா எப்படிங்க முடியும்? லிஸ்ட் வரிசைப்படி ஒட்டி அடுக்கிடுவேன். அவங்களும் அதே வரிசைல நிப்பாங்க. ஆளுக்கு ஒண்ணா எடுத்துட்டுப் போவாங்க. இதுவரைக்கும் ஒரு பிரச்சனையும் வந்ததில்ல.”

பாத்ரூம் கதவு திறந்தது. கொசுறு ஞானம் பெற்ற முகத்தோடு வந்து கப்பை மேசைமேல் வைத்தான். நர்ஸ் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். “பச்சைத் தண்ணி. இதை அனுப்பினா லேப்ல திருப்பி அனுப்பிடுவாங்க.”

மேடத்துக்குக் காலையில் குப்பையில் வீசிய அட்டை நினைவுக்கு வந்தது. கைப்பையைத் திறந்து அக்காவின் ரிப்போர்ட்டை எடுத்தார். மாத்திரையின் பெயர் தடித்த எழுத்தில் இருந்த முதல் பக்கத்தை இரண்டு நாளில் நூறு தடவை படித்திருப்பார். இரண்டாம் பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில், யாரும் படிக்காத ஒரு வரி இருந்தது. சாம்பிளின் அடர்த்தி.

“இந்த நம்பருக்கு என்ன அர்த்தம்?”

நர்ஸ் குனிந்து பார்த்தார். “நல்ல கெட்டியா இருந்திருக்கு. அன்னிக்கு அவங்க தண்ணியே சரியா குடிக்கல போல.”

மேடம் நாற்காலியில் உட்கார்ந்தார். சந்தோஷம் வரவில்லை, தன்மேலேயே எரிச்சல்தான் வந்தது. டீ எதை உள்ளே கொண்டுபோனது என்று இரண்டு நாள் தேடியிருக்கிறார். அது எதை வெளியே தள்ளியிருக்கும் என்று ஒரு நிமிடம் யோசிக்கவில்லை. விடை காலையிலிருந்து ஆறு முறை அவர் கண்முன்னாலேயே எழுந்து எழுந்து போய்வந்திருக்கிறது.

“மூணு லிட்டர் குடிக்கறவங்க சாம்பிள் கெட்டியா இருக்காது” என்றான் கொசுறு மெதுவாக. “மேடம், இது அக்காவோடதே இல்ல.”

“அன்னிக்கு இன்னொரு சாம்பிள் தண்ணியா இருக்குன்னு திரும்பி வந்திருக்கணும்” என்று மேடம் நர்ஸைப் பார்த்தார். “வந்துதா இல்லையா?”

நர்ஸின் முகம் வெளுத்தது. “அதெல்லாம் சொல்லக் கூடாதுங்க.”

“பேர் வேண்டாம். நம்பர் மட்டும் சொல்லுங்க. இல்லேன்னா லேபிள் விஷயத்த மூணு மணிக்கு நான் சொல்றதுக்குப் பதிலா நீங்களே வந்து சொல்ல வேண்டியிருக்கும்.”

நர்ஸ் மேசை இழுப்பறையிலிருந்து பதிவேட்டை எடுத்துப் புரட்டினார்.

“ரெண்டாம் நம்பர்” என்றார் நர்ஸ். “அஞ்சு நாள் கழிச்சு மறுபடியும் எடுத்தோம். அப்போ சுத்தமா இருந்துது. அந்த மாத்திரை நாலு நாளைக்கு மேல உடம்புல நிக்காதுங்க.”

அக்காவின் எண் ஒன்பது.

அவர்கள் யார்டுக்கு வந்து சேர்ந்தபோது மணி இரண்டரை. சிக்னல் அக்கா கம்பி வேலிக்கு வெளியே நின்றிருந்தார். விசாரணைக்குக் கூப்பிடும்வரை உள்ளே போக அவருக்கு அனுமதி இல்லை. இருந்தாலும் இஸ்திரி போட்ட யூனிஃபார்ம், கையில் மூன்று லிட்டர் பாட்டில். வேலிக்கு அப்பால் கிரேன் ஒரு கன்டெய்னரைத் தூக்கிக்கொண்டிருந்தது. அக்காவின் கண் மேடத்தின் மேல் இல்லை, அந்தக் கன்டெய்னரின் மேல்தான் இருந்தது.

“நீங்க ஜெயிச்சிட்டீங்க” என்றார் மேடம். லேபிள், வரிசை, அடர்த்தி என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னார். “அன்னிக்கு வரிசை மாறி நின்னீங்களா?”

“மாறினேன். என்னால அடக்க முடியல மேடம், இந்த டீ படுத்தற பாடு அப்படி. ஒன்பதாவதா நின்னுட்டிருந்தேன். முன்னாடி ரெண்டாவதா நின்னவன் என் மூஞ்சியப் பாத்துட்டு, நீங்க போங்க, உங்க இடத்துல நான் நிக்கறேன்னு விட்டான்.”

“யாரு?”

அக்கா பதில் சொல்ல வாயெடுத்தார். அந்த இடத்திலேயே எல்லாம் அவருக்குப் புரிந்துவிட்டது. பாட்டிலைக் கீழே வைத்தார்.

“டீன்னு முதல்ல சொன்னது நீங்களா?” என்று மேடம் கேட்டார். கேட்கவே அவருக்குப் பிடிக்கவில்லை.

“இல்ல. எனக்கு அப்படித் தோணவே இல்ல. அவன்தான் சொன்னான். ரிசல்ட் வந்த அன்னிக்கு சாயங்காலமே. டீயாத்தான் இருக்கும் அண்ணி, நாம விடக் கூடாது அண்ணின்னு.” அக்கா கிரேனை நிமிர்ந்து பார்த்தார். “பன்னிரண்டு நாளா எதிர்ல உக்காந்து சாப்பிட்டான் மேடம். நான் அழுதா துண்டு எடுத்துக் கொடுத்தான்.”

கொசுறு காலால் மண்ணைக் கிளறிக்கொண்டு நின்றான்.

மேடம் மணியைப் பார்த்தார். “ஒரு வழி இருக்கு. லேபிள் தப்புன்னு மட்டும் சொன்னா போதும். அன்னிக்கு எடுத்த டெஸ்ட் பத்தையும் ரத்து பண்ணிடுவாங்க. உங்க வேலை உங்களுக்கு. கெட்டி சாம்பிள் யாரோடதுன்னு யாரும் நோண்ட மாட்டாங்க. அவன் பேரே வராது. முடிவு உங்களோடது.”

அக்கா ஆமாம் என்று தலையசைத்தார். பார்க்க அது நிம்மதி மாதிரிதான் இருந்தது. மேடத்துக்கும் அதுவே நல்லதென்று பட்டது. வழக்கு முடிந்தது, குடும்பமும் உடையவில்லை. ஆனால் அக்காவின் கண் மறுபடியும் மேலே போய்விட்டது. இருபது டன் இரும்பு மெல்ல நகர்ந்து வந்துகொண்டிருந்தது. அதற்குக் கீழே, அக்கா நிற்கிற இடத்தில், புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் கையை உயர்த்தியபடி நின்றிருந்தாள்.

“அவ போன மாசம்தான் வந்தா” என்றார் அக்கா.

பிறகு வேலிக்கு ஒட்டினாற்போல் வந்து, இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி, உள்ளங்கை தரையைப் பார்க்க, முன்னும் பின்னுமாக வீசினார். கிரேன் ஓட்டுபவன் ஒரே ஒருவரின் சைகையைத்தான் கேட்க வேண்டும் என்பது விதி. நிறுத்து என்கிற சைகைக்கு மட்டும் விதிவிலக்கு. யார் காட்டினாலும், தெருவில் போகிறவர் காட்டினாலும், நிறுத்தியாக வேண்டும்.

கன்டெய்னர் அந்தரத்தில் நின்றது.

மேலே கண்ணாடிக் கூண்டுக்குள் கொழுந்தனின் தலை வேலிப் பக்கம் திரும்பியது. அக்கா உள்ளே இருந்த பெண்ணைத் தள்ளிப் போகச் சொன்னார். அவள் நகரும்வரை காத்திருந்து, வலது கையைத் தாழ்த்தி, விரலைத் தரை நோக்கிச் சுழற்றினார். இறக்கு. கன்டெய்னர் ஒரு சத்தமும் இல்லாமல் தரையில் உட்கார்ந்தது. கடைசியாக அவர் காட்டிய சைகை யார்டுச் சைகை இல்லை. வீட்டில் சாப்பிடக் கூப்பிடுவதுபோல் கையை அசைத்தார்.

அவன் ஏணியில் இறங்கி வர நாலு நிமிடம் ஆனது. மேடத்தின் முகத்தைப் பார்த்ததும் எதையும் கேட்கவில்லை.

“டீன்னு ஆயிட்டா ரெண்டு பேருமே தப்பிச்சிடலாம்னு நினைச்சேன் அண்ணி” என்றான் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து.

“எத்தன நாளா போடற?”

“ரெட்டை ஷிஃப்ட் ஆரம்பிச்சதுலேருந்து. அஞ்சு மாசம். தூக்கம் சொக்குச்சு அண்ணி, வேற வழி தெரியல.”

அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“அஞ்சு மாசமா நான் அதுக்குக் கீழதான்டா நின்னேன்” என்றார்.

அக்கா குனிந்து பாட்டிலை எடுத்தார், தூசியைத் தட்டினார், மூணு மணிக்குக் கூப்பிடுவார்கள், இரண்டு பேரும் சேர்ந்தே போய்ச் சொல்லலாம் என்றார். வாட்ச்மேன் கேட்டைத் திறந்துவிட்டார்.